தினமும் அணைக்கும் கணினி 31 நாள் ஓடியதாகக் காட்டுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கல்லூரி லேபில் 40 விண்டோஸ் கணினிகள். எது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று ஒரே பட்டியலில் பார்க்க சி ஷார்ப்பில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறீர்கள். என்விரான்மென்ட் கிளாஸில் இருக்கும் டிக்கவுன்ட் எண்ணை எடுத்து, 1000-ஆல் வகுத்து, விநாடியாகக் காட்டுகிறீர்கள். பல கணினிகளில் நம்பும்படியான எண் வருகிறது. சிலவற்றில் 20 நாள், 22 நாள் என்று வருகிறது. ஏழெட்டில் மைனஸ் எண் வருகிறது. ஒன்றில் −15,93,412 விநாடி. ஆனால் மாலையில் லேப் உதவியாளர் எல்லாவற்றையும் ஷட் டவுன் செய்த பிறகுதான் கதவைப் பூட்டுகிறார். தப்பு நிரலிலா, கணினியிலா?

நிரலில் ஒரு பிழை இருக்கிறது. அதை ஒரே வரியில் திருத்திவிடலாம். அதைத் திருத்தியதும் உங்களுக்கு இன்னும் பெரிய சந்தேகம் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மைனஸ். விண்டோஸ் பூட் ஆனதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்பதை டிக்கவுன்ட் தருகிறது. ஆனால் அதைத் தருவது 32 பிட் இன்டிஜரில், அதுவும் மைனஸ் குறி ஏற்கிற வகையில். அந்தப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. மில்லிவிநாடியாக எண்ணினால் 24 நாள் 20 மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். அடுத்த மில்லிவிநாடியில் எண் அதே அளவு மைனஸுக்குத் தாவி, அங்கிருந்து சுழியை நோக்கி ஏறத் தொடங்கும். மொத்தம் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 விநாடி கழிந்ததும் சுழிக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணும்.

உங்கள் மைனஸ் எண்ணை இப்போது பிரித்துப் பார்க்கலாம். ஒரு முழுச் சுற்று என்பது 42,94,967 விநாடி. அதிலிருந்து 15,93,412-ஐக் கழித்தால் 27,01,555 விநாடி. அதாவது 31 நாள் 6 மணி 25 நிமிடம் 55 விநாடி. அந்தக் கணினியின் எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. படிக்கிற பாத்திரம்தான் சிறியது.

திருத்தம் இதுதான்: டாட்நெட் கோர் 3.0-லிருந்து அதே கிளாஸில் டிக்கவுன்ட்64 என்ற பிராப்பர்ட்டி இருக்கிறது. அது 64 பிட். நம் காலத்தில் நிரம்பாது. அந்த மதிப்பை டைம்ஸ்பான் வகையின் ஃப்ரம்மில்லிசெகண்ட்ஸ் முறைக்குக் கொடுத்தால் நாள், மணி, நிமிடம் எல்லாம் பிரித்தே கிடைத்துவிடும். லேப் கணினிகளில் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்தான் இருக்கிறது என்றால் அங்கே இந்தப் பிராப்பர்ட்டி கிடையாது. அப்போது கெர்னல்32 டிஎல்எல்லில் உள்ள கெட்டிக்கவுன்ட்64 ஃபங்ஷனை பி-இன்வோக் (டாட்நெட்டிலிருந்து விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் வழி) மூலம் நேரடியாக அழையுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது இருக்கிறது. ரிட்டர்ன் வகையை யுலாங் (குறியில்லாத 64 பிட் எண்) என்று அறிவிக்க மறக்காதீர்கள். இன்ட் என்று போட்டுவிட்டு அதே மைனஸை மறுபடி வரவழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

32 பிட்டில் நேரத்தை எண்ணுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகக்கூடிய பிழை இருந்தது. மைக்ரோசாஃப்ட்டே பிறகு அதற்குத் திருத்தம் வெளியிட்டது. 2004 செப்டம்பர் 14 அன்று தெற்குக் கலிஃபோர்னியாவின் பாம்டேலில் உள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம், வானத்தில் இருந்த விமானங்களுடன் பேசும் குரல் தொடர்பை 3 மணி நேரத்துக்கும் மேல் இழந்தது. அங்கிருந்த குரல் இணைப்பு அமைப்பின் எண்ணி (கவுன்ட்டர்) 50 நாளுக்குள் தீர்ந்துவிடும். அதனால் 30 நாளுக்கு ஒருமுறை கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த ஒருமுறை செய்யாமல் விடுபட்டது. 2015-இல் போயிங் 787 விமானங்களுக்கு அமெரிக்க விமானத்துறை ஓர் உத்தரவு போட்டது: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு அலகுகள் ஒரே சமயத்தில் செயலிழந்து விமானத்தின் ஏசி (மாறுதிசை) மின்சாரம் முழுவதும் போய்விடக்கூடும், ஆகவே இடையே அணைத்துப் போடுங்கள் என்று. விநாடியின் நூறில் ஒரு பங்காக எண்ணி, 214 கோடியே 74 லட்சத்தை நாளாக்கிப் பாருங்கள். 248.5 வரும். உங்கள் லேபில் வந்தது இதே குடும்பத்துப் பிழை. ஒரு பட்டியலில் தெரிந்ததோடு போயிற்று என்பதில் எனக்கு நிம்மதி.

இனி இரண்டாவது விஷயம். தினமும் மாலை அணைக்கப்படும் கணினி 25 நாளைத் தாண்டினால்தான் மைனஸே வரும். அப்படியானால் அது எப்படி 31 நாளை எட்டியது?

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால், பயனரின் நிரல்கள் எல்லாம் மூடப்படும், லாகின் முடியும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், சாதனங்களை இயக்கும் டிரைவர்களும் முழுதாக இறங்குவதில்லை. அவற்றின் நினைவகம் ஹைபர்னேஷன் கோப்பாக டிஸ்க்கில் எழுதப்படுகிறது. மறுநாள் பவர் பட்டனை அழுத்தினால் அந்தக் கோப்பைப் படித்து, நேற்று விட்ட இடத்திலிருந்து கெர்னல் எழுகிறது. அதனால்தான் சீக்கிரம் திறக்கிறது. கெர்னலைப் பொறுத்தவரை அது இரவு முழுக்கத் தூங்கி எழுந்தது, அவ்வளவே. கெட்டிக்கவுன்ட்64 தூங்கிய நேரத்தையும் ஹைபர்னேட்டில் கிடந்த நேரத்தையும் சேர்த்தே எண்ணும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் தெரியும் அப்டைமும் (ஓடிய காலம்) இதே கணக்குதான். அங்கேயும் போய்ப் பாருங்கள், 31 நாள் என்றுதான் இருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஷட் டவுனை விட ரீஸ்டார்ட்தான் முழுமையானது. ரீஸ்டார்ட் கொடுத்தால் கெர்னல் முழுதாக இறங்கி, புதிதாக ஏறி, அப்டைம் சுழியிலிருந்து தொடங்கும். ஆகவே உங்கள் பட்டியலில் குறைந்த எண் காட்டும் கணினிகள் எவை என்று யோசியுங்கள். விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் கேட்டு, யாரோ அதைக் கொடுத்தவை. அல்லது கரண்ட் போனபோது யுபிஎஸ் தாங்காமல் பட்டென்று அணைந்தவை. மைனஸ் காட்டிய ஏழெட்டும் இவை இரண்டும் நடக்காமல் மாதம் கடத்தியவை. அவற்றில் அப்டேட்கள் பாதியில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உங்கள் நிரல் தற்செயலாக ஒரு பயனுள்ள பட்டியலைத் தந்திருக்கிறது.

ஆக, நிரல் எழுதும் முன் முடிவு செய்ய வேண்டியது, அப்டைம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை. கெர்னல் கடைசியாகப் புதிதாக ஏறி எவ்வளவு காலம்? அந்தக் காலத்தில் கணினி உண்மையில் விழித்திருந்து வேலை செய்தது எவ்வளவு? இன்று காலை யாரோ பவர் பட்டனை அழுத்தி எவ்வளவு நேரம்? மூன்றும் வெவ்வேறு எண்கள். மூன்றுக்கும் வெவ்வேறு கதவைத் தட்ட வேண்டும்.

முதலாவதற்கு டிக்கவுன்ட்64 போதும். இரண்டாவதற்கு விண்டோஸ் 7-லிருந்து குவெரி-அன்பயஸ்டு-இன்டரப்ட்-டைம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பெயர் நீளம், வேலை எளிது. ஸ்லீப்பிலும் ஹைபர்னேட்டிலும் கழிந்த நேரத்தை விட்டுவிட்டு, வேலை செய்த நேரத்தை மட்டும் தரும். அளவு 100 நானோவிநாடி. அதாவது ஒரு கோடியால் வகுத்தால் விநாடி. டாட்நெட்டின் டைம்ஸ்பானும் உள்ளே இதே அளவில்தான் எண்ணுகிறது. எனவே ஃப்ரம்டிக்ஸ் முறைக்கு அப்படியே கொடுத்துவிடலாம், வகுக்கவே தேவையில்லை. டிக்கவுன்ட்64 சொல்லும் 31 நாள் என்பது 744 மணி நேரத்துக்கு மேல். லேப் நாளைக்கு 8 மணி நேரம் நடக்கிறது, ஞாயிறு விடுமுறை என்றால் இந்த ஃபங்ஷன் ஏறத்தாழ 200 மணி நேரம் என்று சொல்லும். மின்செலவு, எஸ்எம்பிஎஸ் தேய்மானம் போன்ற கணக்குகளுக்கு இதுதான் சரியான எண்.

மூன்றாவதைத்தான் நீங்கள் உண்மையில் தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இதை எந்த எண்ணியும் தராது. விண்டோஸ் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் லாகில்தான் கிடைக்கும். சிஸ்டம் லாகில், மைக்ரோசாஃப்ட்-விண்டோஸ்-கெர்னல்-பூட் என்ற மூலத்திலிருந்து 27 என்ற எண்ணுள்ள பதிவு ஒவ்வொரு முறை எழும்போதும் விழும். அதில் பூட் வகை என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் முழு பூட். 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். 2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து எழுந்தது. ஈவென்ட்லாக்ரீடர் கிளாஸில் மூலத்தின் பெயரையும் 27-ஐயும் வைத்து வடிகட்டி, பின்னாலிருந்து முன்னாகப் படித்து, கிடைக்கும் முதல் பதிவின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பல இடங்களில் 6005-ஐப் பார்க்கச் சொல்வார்கள். அது ஈவென்ட் லாக் சர்வீஸ் தொடங்கியதற்கான பதிவு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் உள்ள கணினியில் அதை நம்பாதீர்கள். 6008 மட்டும் கூடவே எடுத்து வையுங்கள். எதிர்பாராமல் அணைந்தது என்று பொருள். ஒரே வரிசை மேசைகளில் அது திரும்பத் திரும்ப வந்தால் அந்த வரிசையின் யுபிஎஸ் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டபிள்யூஎம்ஐ (விண்டோஸிடம் கணினியின் விவரங்களைக் கேட்கும் வசதி) வழியாக லாஸ்ட்-பூட்-அப்-டைம் எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். எடுக்கலாம். ஆனால் அதுவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைக் கணக்கில் கொள்ளாது, கெர்னல் ஏறிய நாளைத்தான் சொல்லும். தவிர அது ஒரு நீளமான எழுத்துச் சரமாக வரும். கடைசியில் +330 என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது நம் ஐந்தரை மணி நேர வித்தியாசம், நிமிடத்தில். அதை வெட்டிப் போட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிட்டால் வேறு நேர மண்டலத்தில் உட்கார்ந்து பட்டியல் பார்ப்பவருக்குத் தப்பாகத் தெரியும். மேனேஜ்மென்ட்-டேட்டைம்-கன்வர்ட்டர் கிளாஸிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக, சுவர்க் கடிகாரத்தைக் கழித்து அப்டைம் கண்டுபிடிக்கும் வழக்கத்தையே நான் விரும்புவதில்லை. சுவர்க் கடிகாரம் என்று நான் சொல்வது கணினி காட்டும் தேதியும் மணியும். அதை யாரும் மாற்றலாம். இணையத்திலிருந்து நேரம் சரிசெய்யப்படும்போது அதுவே முன்னும் பின்னும் நகரும். ஒருமுறை நண்பர் ஒருவரின் தோட்டத்து மோட்டாரில் வைஃபை போர்டு ஒன்றை வைத்து, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிவு செய்ய நிரல் எழுதிக் கொடுத்தேன். போர்டு எழுந்ததும் அப்போதைய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிக்கும். முதல் நாள் இரவே மோட்டார் 50 ஆண்டுக்கு மேல் ஓடியதாகச் செய்தி வந்தது. போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து எழும்போது அதற்கு 1970 ஜனவரி 1. சில விநாடி கழித்து இணையத்திலிருந்து உண்மையான தேதி வந்தது. நடுவில் இருந்த அத்தனை ஆண்டும் மோட்டாரின் கணக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து கால அளவுக்கு, பின்னோக்கிப் போகாத எண்ணியை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

லினக்ஸில் இந்த வேலை இன்னும் எளிது. ப்ராக் கோப்பகத்தில் அப்டைம் என்று ஒரு கோப்பு. திறந்தால் ஒரே வரி, இரண்டு எண். உதாரணமாக 184205.37 என்றும் 1421877.90 என்றும் இருக்கிறது என்று வையுங்கள். முதலாவது பூட் ஆகி ஆன விநாடி: 2 நாள் 3 மணி 10 நிமிடம் 5 விநாடி. இரண்டாவது முதலாவதை விடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். அது எல்லா கோர்களும் சும்மா இருந்த நேரத்தின் கூட்டல். 8 கோர் உள்ள கணினி என்றால் 8-ஆல் வகுங்கள். 1,77,735 விநாடி வரும். அதாவது அந்தக் கணினி 100-க்கு 96 பங்குக்கு மேல் சும்மாதான் இருந்திருக்கிறது.

சி மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் கிளாக்-கெட்டைம் அழைப்பு உங்களுக்கு இரண்டு கடிகாரம் தரும். மோனோடானிக் என்பது சஸ்பெண்டில் கழிந்த நேரத்தை லினக்ஸில் எண்ணாது. பூட்டைம் என்பது எண்ணும். லேப்டாப்பை மூடி வைத்துத் திறந்தால் இரண்டும் பிரிந்துவிடும். சர்வரில் இரண்டும் ஒன்றே. மேக்கில் இதே பிரிவு மாக்-அப்சலூட்-டைம், மாக்-கன்டினியுவஸ்-டைம் என்ற பெயர்களில் இருக்கிறது. தூக்கத்தைச் சேர்ப்பது பின்னது. ஆண்ட்ராய்டில் சிஸ்டம்கிளாக் கிளாஸின் அப்டைம்மில்லிஸ் ஆழ்ந்த தூக்கத்தை விட்டுவிடும், எலாப்ஸ்டு-ரியல்டைம் சேர்த்துக்கொள்ளும். பெயர்கள் மாறுகின்றன, கேள்வி மாறவில்லை.

டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரு கணினிக்குள் நிரலைத் தனியே ஓட்டும் பெட்டி போன்றது) இருந்து அதே அப்டைம் கோப்பைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே தெரிவது கன்டெய்னரின் வயதில்லை, அதைத் தாங்கும் கணினியின் வயது. இரண்டு நிமிடம் முன் எழுப்பிய கன்டெய்னர் 200 நாள் என்று சொல்லும். கன்டெய்னரின் வயது வேண்டுமென்றால், உள்ளே 1 என்ற எண்ணுள்ள ப்ராசஸின் ஸ்டாட் கோப்பில் 22-வது புலத்தை எடுங்கள். பூட் ஆனதிலிருந்து எத்தனையாவது டிக்கில் அது தொடங்கியது என்று அதில் இருக்கும். ஒரு விநாடிக்குப் பெரும்பாலும் 100 டிக். சிஸ்கான்ஃப் அழைப்பில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வகுத்து, அப்டைமிலிருந்து கழித்தால் வயது கிடைக்கும். அந்த வரியை இடைவெளி பார்த்து வெட்டும்போது கவனம் வேண்டும். இரண்டாவது புலம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நிரலின் பெயர். அதற்குள்ளேயே இடைவெளி இருக்கலாம். கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பின்னால் இருந்து எண்ணத் தொடங்குங்கள்.

ஜாவாவில் ரன்டைம் எம்எக்ஸ்பீனின் கெட்-அப்டைம் என்று ஒன்று உண்டு. அது ஜாவா மெஷின் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுவது. கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோடில் ஓஎஸ் மாட்யூலின் அப்டைம் கணினியுடையது, ப்ராசஸ் மாட்யூலின் அப்டைம் உங்கள் நிரலுடையது. எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளிடம் விவரம் கேட்கும் முறை) வழியாக ஸ்விட்ச், ரவுட்டர்களிடம் கேட்பவர்களுக்கும் இதே சிக்கல்: 1.3.6.1.2.1.1.3.0 என்ற எண்ணைக் கேட்டால் தருவது அந்தக் கருவியின் மேலாண்மைப் பகுதி தொடங்கிய பிறகான நேரம். அதுவும் நூறில் ஒரு விநாடியில், 32 பிட்டில். 497 நாளில் சுழிக்கு வந்துவிடும். நள்ளிரவில் ஒரு ஸ்விட்ச் ரீபூட் ஆகிவிட்டது என்று அலாரம் வந்தால், ஓடிப் போகும் முன் அதற்கு முந்தைய எண் என்னவாக இருந்தது என்று பாருங்கள்.

ஆர்டுயினோ போன்ற போர்டுகளில் மில்லிஸ் ஃபங்ஷனுக்கு 64 பிட் துணை கிடையாது, 49.7 நாளுக்கு ஒருமுறை சுழிக்கு வந்தே தீரும். அங்கே ஒரு பழக்கம் உங்களைக் காப்பாற்றும். தொடக்க நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி வைத்து, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா என்று கேட்காதீர்கள். இப்போதிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வித்தியாசம் இடைவெளியை எட்டியதா என்று கேளுங்கள். இரண்டும் குறியில்லாத 32 பிட் எண்களாக இருந்தால், நடுவில் சுற்று முடிந்து திரும்பியிருந்தாலும் வித்தியாசம் சரியாகவே வரும். கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் 50-வது நாளில் முன்னது விழும், பின்னது தாக்குப்பிடிக்கும்.

இந்த வகைப் பிழை மேசையில் வைத்துச் சோதிக்கும்போது தென்படாது, யார் 50 நாள் காத்திருப்பார்கள்? லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். அவர்களுடைய டிக் எண்ணிக்கு ஜிஃபிஸ் என்று பெயர். பூட் ஆகும்போது அதைச் சுழியில் தொடங்காமல், 32 பிட் நிரம்புவதற்குச் சரியாக 300 விநாடி முன்னால் தொடங்க வைத்துவிட்டார்கள். பிழையான டிரைவர் எழுதியவருக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும். உங்கள் நிரலிலும் நேரத்தைப் படிக்கும் இடத்தை ஒரே ஃபங்ஷனாகத் தனியே வையுங்கள். சோதிக்கும்போது அதில் 214 கோடியே 74 லட்சம் கூட்டிப் பாருங்கள். உங்கள் மைனஸ் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

லேபுக்கு நான் செய்வதாக இருந்தால் பட்டியலில் நான்கு கட்டம் வைப்பேன்: டிக்கவுன்ட்64 சொல்லும் நாள், விழித்திருந்த மணி நேரம், 27-வது பதிவின்படி இன்று எழுந்த நேரம், அதன் பூட் வகை. முதல் கட்டம் 14 நாளைத் தாண்டினால் அந்த வரியைச் சிவப்பாக்கி, அன்று மாலை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அணைக்கச் சொல்வேன். எல்லாக் கணினியும் தினமும் முழுதாக இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைப் பவர் ஆப்ஷன்ஸில் எடுத்துவிடலாம். அல்லது மாலையில் ஷட் டவுன் கட்டளையைச் சாய்கோடு எஸ், சாய்கோடு டி, 0 என்று கொடுக்கும் ஒரு பேட்ச் கோப்பை லேப் உதவியாளரிடம் கொடுங்கள். ஹைப்ரிட் என்று சேர்க்காத வரை அது முழு ஷட் டவுன்தான். மறுநாள் காலை 27-வது பதிவில் பூட் வகை 0 என்று வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.